மூத்தம்மாவின் அறையில் ஒரு வெப்பப் பம்பி

எங்கள் வீட்டில் ஏ.சி. பூட்டிய நாளில் அதிகம் சந்தோஷப்பட்டவன் தம்பி. அதிகம் கோபப்பட்டவர் மூத்தம்மா. அந்த ஏ.சி. வாங்கப்பட்டதே மூத்தம்மாவுக்காகத்தான்.

மூத்தம்மா என் உம்மாவைப் பெற்றவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் செயலிழந்து, கட்டிலோடு ஆகி இரண்டு வருடங்களுக்கு மேலாகிறது. கல்முனையின் வெயில் காலத்தைப் பற்றி இந்தச் சஞ்சிகையின் வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் இறங்கிவரும் கச்சான் காற்று வயல்வெளியின் சூட்டையும் அள்ளிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வரும். பின்னேரம் கடற்காற்று ஏறினால் சூடு கொஞ்சம் தணியும். ஆனால் புழுக்கம் ஏறிவிடும். எழுந்து நடமாடுகிறவர்கள் மரத்தடிக்காவது போகலாம். மூத்தம்மாவுக்கு அந்தக் கட்டில் மட்டும்தான். முதுகில் வேர்க்குருவாகத் தொடங்கியது தோல் சிவந்து, பிறகு புண்ணாகியது. "அறை குளிராக இருக்க வேண்டும், தோலில் ஈரம் தங்கக்கூடாது" என்றார் டொக்டர். நாங்கள் பவுடர் போட்டோம், விசிறினோம், மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தோம். புண் ஆறவில்லை.

என் வாப்பா கட்டாரில் ஏ.சி. திருத்தும் வேலை செய்கிறார். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஊராருக்கெல்லாம் குளிர் போட்டுக் கொடுக்கிறவரின் வீட்டில் ஒரு ஏ.சி. இல்லை என்று சொந்தக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். புண்ணைப் பற்றி உம்மா சொன்னதும் வாப்பா, "முதல்ல மாமிட அறைக்குப் போடுவம்" என்று காசு அனுப்பினார். 9,000 பி.ரி.யு. இன்வேட்டர் ஏ.சி. ஒன்று வந்தது.

மூத்தம்மாவின் கோபம் ஏ.சி.யோடு அல்ல, யன்னலோடு. அவரது அறையின் யன்னல் கடல் பக்கம் பார்த்தது. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை நடந்து ஐந்து நிமிடம். பகலில் வாகனச் சத்தத்தில் கேட்காவிட்டாலும் இரவில் அலைச் சத்தம் நன்றாகக் கேட்கும். எந்த மழையிலும் எந்த நுளம்புத் தொல்லையிலும் மூத்தம்மா அந்த யன்னலைச் சாத்த விடமாட்டார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பிறப்பதற்கு முன். இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எங்கள் அம்பாறை மாவட்டம். அதில் என் சாச்சியும் ஒருத்தி. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மூத்தம்மா அந்த நேரம் குசினிக்குப் பின்னால் மா இடித்துக்கொண்டிருந்தாராம். உலக்கைச் சத்தத்தில் கடலின் சத்தம் தன் காதில் விழவில்லை என்றும், விழுந்திருந்தால் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கியிருப்பேன் என்றும் அவர் நம்புகிறார். அது அப்படியல்ல, சத்தம் கேட்டவர்களாலும் ஓட முடியவில்லை என்று உம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். மூத்தம்மா அதற்கு மறுமொழி சொல்வதில்லை. யன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார், அவ்வளவுதான்.

ஏ.சி. ஓடும் அறையில் யன்னலைத் திறந்து வைப்பது எப்படி? ஒரு நாள் இரவு அதையும் செய்து பார்த்தோம். சுபஹுக்கு எழும்பி மீட்டரைப் பார்த்தேன். யன்னல் சாத்திய இரவில் 5 யுனிட் ஏறியிருந்த இடத்தில் 9 யுனிட் ஏறியிருந்தது. அறையும் குளிரவில்லை. வெளியிலிருந்து ஈரக் காற்று வந்துகொண்டே இருக்க, மெஷின் பாவம் ஓய்வில்லாமல் ஓடியிருக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. யன்னலைச் சாத்திவிட்டு அதற்கு முன்னால் தடித்த திரைச்சீலையைத் தொங்கவிட்டோம். "யன்னல் திறந்துதான் இரிக்கி உம்மா, சீலை மறைக்கிது" என்றார் உம்மா. "சத்தத்தக் காணல்லியே" என்று மூத்தம்மா கேட்டால், "ஏ.சி. சத்தத்தில கேக்கல்ல" என்று நான் சொல்வேன். உள்ளே சத்தமே போடாத இன்வேட்டர் ஏ.சி. அது. மூன்று கிழமையில் புண் காயத் தொடங்கியது. அதனால் எங்கள் பொய்யும் நீண்டுகொண்டே போனது.

பிறகு அந்த இரவு வந்தது. ஜூலை மாதம். இரண்டு மணியிருக்கும். "கடல் வந்திட்டு! புள்ளையத் தூக்குங்க!" என்ற சத்தத்தில் எழும்பி ஓடினேன். லைட்டைப் போட்டால் கட்டில் முழுவதும் தண்ணீர். கட்டிலுக்கு மேலே சுவரில் இருந்த ஏ.சி.யின் வலது மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. விழுந்தது மூத்தம்மாவின் வலது பக்கத்தில், உணர்ச்சியில்லாத பக்கத்தில். எவ்வளவு நேரம் விழுந்ததோ! மெத்தை குடித்துக் குடித்து, ஈரம் ஊறி இடது பக்கத்துக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இருட்டு, உடம்பெல்லாம் ஈரம், எழும்ப முடியாது. அவர் வேறு எதை நினைப்பார்?

உம்மாவும் நானும் அவரைத் தூக்கித் துடைத்து உடுப்பு மாற்றினோம். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. சற்றுத் தெளிந்ததும் கடலைக் காட்டச் சொன்னார். தம்பி யோசிக்காமல் திரையை விலக்கினான். யன்னல் சாத்தியிருந்தது. மூத்தம்மா யன்னலைப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, திருத்துபவர் ஒருவரைக் கூப்பிட்டோம். வந்தவர் முன் மூடியைத் திறந்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் முடிஞ்சிட்டு" என்றார். வெளியில் போய் ஏதோ செய்தார். 14,000 ரூபா வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் இரவு மறுபடியும் சொட்டியது. நல்ல வேளை, கட்டிலை நாங்கள் இழுத்து மாற்றியிருந்தோம்.

வெள்ளிக்கிழமை வாப்பாவுக்கு லீவு. வீடியோ கோலில் எடுத்து நடந்ததைச் சொன்னேன். வாப்பா முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"கேஸ் எங்க போன மகள்?"

எனக்கு விளங்கவில்லை.

"அது பெட்ரோல் இல்ல, எரிஞ்சு முடியிறத்துக்கு. குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கிற சாமான். குறைஞ்சா எங்கயோ ஓட்டை இரிக்கணும். ஓட்டையப் பாக்காமக் கேஸ் அடிக்கிறது ஓட்ட வாளிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி. அவர் கேஜ் வெச்சுப் பாத்தாரா? உள்ள ஐஸ் பிடிச்சிருந்ததா?"

கேஜ் வைத்ததை நாங்கள் யாரும் காணவில்லை. ஐஸும் இல்லை. கேஸ் குறைந்தால் உள்ளே இருக்கும் கொயிலில் ஐஸ் படியலாம், அது உருகிச் சொட்டலாம் என்பதும் உண்மைதான் என்றார் வாப்பா. ஆகவே வந்தவர் சொன்னது நடக்கவே முடியாத ஒன்றல்ல. அவர் பார்க்காமல் சொன்னார் என்பதுதான் என் கோபம். பௌதிகவியல் படிக்கிற நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே என்பது அதைவிடப் பெரிய வெட்கம்.

"நீங்களே பாருங்க மகள். நான் சொல்லித்தாறன்" என்றார் வாப்பா. இப்படித்தான் கட்டாரிலிருந்து ஒரு ஃபோன் வழியாக நான் ஏ.சி. வேலை பழகத் தொடங்கினேன். ஃபோனைப் பிடிக்கும் வேலை தம்பிக்கு.

முதல் பாடம்: ரிமோட்டில் நிறுத்துவது நிறுத்துவது அல்ல. ட்ரிப் சுவிட்ச்சை இறக்க வேண்டும். இறக்கினேன். ஏணியில் ஏறி முன் மூடியைத் தூக்கினேன். உள்ளே இரண்டு வலைகள், அவைதான் ஃபில்டர். வாப்பா சொன்னபடி மேலே தள்ளி வெளியே இழுத்ததும் நான் ஏணியிலிருந்து விழாத குறை. வலை இருந்த இடமே தெரியவில்லை. அப்பளம் போல வெள்ளையாக ஒரு படை. தூசு என்றால் சாம்பல் நிறமாக அல்லவா இருக்க வேண்டும்? விரலில் தேய்த்து மணந்து பார்த்தேன். மூத்தம்மாவுக்குப் போடும் பவுடர்! ஒரு நாளைக்கு நாலு தடவை நாங்கள் தட்டித் தட்டிப் போட்ட பவுடரெல்லாம் காற்றோடு ஏறி வலையில் ஒட்டியிருக்கிறது. அதன் மேல் வியாழன் இரவுகளில் உம்மா பிடிக்கும் சாம்பிராணிப் புகை. புகையின் பிசுபிசுப்பில் பவுடர் பசை மாதிரி இறுகிவிட்டது.

"சாதாரண அறையென்டா மாசம் ஒருக்கா கழுவினாப் போதும். நோயாளிட அறைக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா" என்றார் வாப்பா. பூட்டி நாலு மாதத்தில் நாங்கள் ஒரு தடவைகூடக் கழுவவில்லை. கழுவ வேண்டும் என்பதே தெரியாது. குழாய்த் தண்ணீரை வலையின் பின்பக்கத்திலிருந்து விட வேண்டும், முன்பக்கத்திலிருந்து விட்டால் அழுக்கு வலைக்குள் இன்னும் இறுகும். வெயிலில் காயவைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும், நிழலில்தான் போட வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் இரசாயனவியல் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

வலைக்குப் பின்னால் கொயில். அலுமினியத் தகடுகள் சீப்பின் பல் போல நெருக்கமாக நிற்கும். மெல்லிய பிரஷால் தகடு போகும் திசையில், மேலிருந்து கீழாகத்தான் தடவ வேண்டும். குறுக்கே இழுத்தால் தகடு மடங்கி, காற்றுப் போகும் வழி அடைபட்டுவிடும். நான் ஒரு இடத்தில் மடக்கியும் விட்டேன். கட்டாரிலிருந்து "ஸ்...!" என்று ஒரு சத்தம் வந்தது. ஏசவில்லை.

ஆனால் தண்ணீர் சொட்டியதற்குக் காரணம் இன்னும் கிடைக்கவில்லை. கொயிலுக்குக் கீழே ஒரு சிறிய தொட்டி, அதிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியே ஒழுங்கைப் பக்கம் போகிறது. வாப்பா ஒரு கோப்பைத் தண்ணீரைத் தொட்டியில் மெதுவாக ஊற்றச் சொன்னார். ஊற்றிவிட்டு, வெளியில் நின்ற தம்பியிடம், "வருதா?" என்று கத்தினேன். "இல்ல!" என்று அவனும் கத்தினான். தொட்டி நிரம்பி என் கையில் வழிந்தது.

வெளியில் போய்ப் பார்த்தால் குழாயின் நுனி ஒரு வாளியின் அடியில் மூழ்கிக் கிடந்தது. அந்த வாளியை வைத்தவர் உம்மா. வீணாகப் போகும் தண்ணீரைக் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றலாம் என்ற நல்லெண்ணம். குழாய் ஆடி வெளியில் சிந்தாமலிருக்க நுனியை வாளியின் ஆழத்துக்கே இறக்கிவிட்டிருந்தார். வாளி நிரம்ப நிரம்ப நுனி தண்ணீருக்குள் அடைபட்டுவிட்டது. நின்ற தண்ணீரில் பாசி பிடித்து, குழாய்க்குள்ளும் ஏறியிருக்கிறது. 14,000 ரூபா வாங்கியவரை நான்கு நாள் ஏசிய நாங்கள் அப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உம்மா மெல்லக் குசினிக்குள் போய்விட்டார்.

அடைப்பை எடுக்க வாப்பாவிடம் அங்கே மெஷின் இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஃபார்மசியில் வாங்கிய ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று, மூத்தம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவதற்காக வாங்கிப் பாவிக்காமல் வைத்தது. அதன் வாயைச் சுற்றி ஈரத் துணியை இறுக்கி, குழாயின் நுனியில் செருகி, வெளியிலிருந்து இழுக்க வேண்டும். தம்பி சைக்கிள் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "ஊதப்படா! ஊதினா அழுக்கு முழுக்க மேல போய்த் தொட்டிக்குள்ள சேரும், இழுக்கத்தான் வேணும்" என்றார் வாப்பா. இழுத்தேன். ஒன்றுமில்லை. பத்துத் தடவை, இருபது தடவை. அஸர் தொழுதுவிட்டுப் போன ஒரு பெரியவர் நின்று பார்த்து, "பொம்புளப் புள்ளைக்கு ஏன் இந்த வேல?" என்றார். ஃபோனுக்குள் இருந்த வாப்பா ஸலாம் சொன்னார். பெரியவர் திடுக்கிட்டு ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு நடந்தார்.

பிறகு ஒரு இழுவையில் கை சட்டென்று இலேசானது. சவ்வரிசிக் கஞ்சி மாதிரிக் கொழகொழவென்று பழுப்பு நிறத்தில் ஒரு விரல் நீளம் வந்து விழுந்தது. அதன் பின்னால் தண்ணீர் பாய்ந்து என் உடுப்பெல்லாம் நனைந்தது. இவ்வளவு அருவருப்பான ஒன்றைக் கண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. குழாயைச் சரிவாகக் கட்டி, நுனி வாளியின் விளிம்புக்கு மேலே நிற்கும்படி கம்பியால் பிணைத்தோம். இப்போது தண்ணீர் "டொக் டொக்" என்று வாளிக்குள் விழுகிறது.

இந்த விடயத்தைப் பௌதிகவியல் டீச்சரிடம் சொன்னேன். அந்த வாரம் நாங்கள் சாரீரப்பதன் பரிசோதனை செய்துகொண்டிருந்தோம். மினுக்கிய கலோரிமானிக்குள் ஐஸ் துண்டுகளைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வர, ஒரு வெப்பநிலையில் வெளி மேற்பரப்பு மங்கும். அதுதான் பனிபடுநிலை. "உன் மூத்தம்மாட அறையில இருக்கிற கொயிலும் கலோரிமானிதான்" என்றார் டீச்சர். அறைக் காற்று அந்தக் குளிர்ந்த தகடுகளில் படும்போது அதிலுள்ள நீராவி தண்ணீராக ஒடுங்குகிறது. 1902இல் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்க எஞ்சினியர் நவீன ஏ.சி.யை முதலில் அமைத்ததே மனிதருக்காக அல்ல, புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரத்தினால் கடதாசி விரிந்து சுருங்குவதைத் தடுப்பதற்காக என்றும் சொன்னார். அதற்கும் அரை நூற்றாண்டு முன், 1852இல், நாம் வெப்பநிலைக்கு அலகாக எழுதுகிற அதே கெல்வின் பிரபு, கட்டடங்களைக் குளிராக்கவும் சூடாக்கவும் ஒரே வகை இயந்திரம் போதும் என்று எழுதியிருக்கிறார். குளிர் நாடுகளில் இன்று பல வீடுகளைச் சூடாக்குவது எங்கள் ஏ.சி.யின் உடன்பிறப்புத்தான். ஒரு வால்வு திசையை மாற்றிவிட்டால் வெளியிலிருக்கும் வெப்பத்தை அள்ளி உள்ளே கொண்டுவரும். அதற்குப் பொதுப்பெயர் வெப்பப் பம்பி.

பம்பி என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது போல, குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பத்தை ஏற்றுகிறது. தானாக அந்தத் திசையில் போகாத வெப்பத்தைத் தள்ளுவதற்குத்தான் மின்சாரம். எங்கள் ஏ.சி.க்குள் ஓடுவது ஆர் 32 என்ற வாயு. வளிமண்டல அமுக்கத்தில் அது மறை 52 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். அறைக்குள் அது ஆவியாகும்போது வெப்பத்தைக் குடிக்கிறது. வெளியே கொம்பிரஸர் அதை அமுக்கிச் சூடாக்க, குடித்ததையெல்லாம் ஒழுங்கைக் காற்றில் கக்கிவிட்டுத் திரவமாகித் திரும்புகிறது. "வெப்பத்த அழிக்க ஏலா, இடம் மாத்தத்தான் ஏலும்" என்றார் டீச்சர்.

அன்று வீட்டுக்கு வந்து ஒழுங்கையில் வெளிப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்தேன். சூடான காற்று முகத்தில் அடித்தது. அடுத்த வீட்டு மாமி பின்னேரங்களில் தன் பின்கதவுப் படியில் இருந்து பன் பின்னுவார். கொஞ்ச நாளாக அவர் அங்கே இருப்பதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் வெளிப் பெட்டி அந்தப் படியைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கிறது. அவர் ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை, முன்பக்கத் திண்ணைக்கு மாறிவிட்டார். உம்மாவிடம் சொன்னேன். வாப்பா வந்ததும் பெட்டியை மேலே ஏற்றிப் பூட்டலாம் என்று முடிவாகியிருக்கிறது. அதுவரைக்கும் மாமி திண்ணையில்தான்.

வாப்பா வேலை செய்வதும் இப்படியான இடத்தில்தான். கட்டாரில் பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் வெளிப் பெட்டிகள் வரிசை வரிசையாக நிற்குமாம். கீழே உள்ள அறைகளிலிருந்து இறைத்த சூடு முழுவதும் அங்கேதான் வந்து கொட்டும். வெயில் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளி வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டம். அதனால் இருட்டோடு போய் மாடியில் ஏறிவிடுவார்கள். "எவ்வளவு சூடு வாப்பா?" என்று கேட்டேன். "அது பழகிட்டு மகள்" என்றார். எனக்கு ஆறு வயதிலிருந்து அவர் இந்த ஒரு பதிலைத்தான் சொல்லிவருகிறார். முன்பெல்லாம் நம்பினேன்.

வெளிப் பெட்டியைக் கழுவும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். உப்புக் காற்று அலுமினியத் தகடுகளில் படிந்து வெள்ளைப் பூவாகப் பூக்கும், பிறகு தின்னத் தொடங்கும். ட்ரிப் சுவிட்ச்சை இறக்கிவிட்டு, நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். குழாயை விரலால் அடைத்துப் பீச்சி அடித்தால் தகடுகள் மடங்கும். உள்ளே மின்சாரப் பகுதி இருக்கும் பக்கத்தைத் தொடவே கூடாது. அதன் மூடியைக் கழற்றக்கூடாது என்று வாப்பா மூன்று தடவை சத்தியம் வாங்கினார். "சுவிட்ச்ச நிப்பாட்டினாலும் அதுக்குள்ள கரண்ட் தங்கி நிக்கும்." கொள்ளளவி என்று நாங்கள் படிப்பதுதான். கணக்கில் அது எப்போதும் சாதுவாக இருக்கும். கேஸிலும் கைவைக்கக்கூடாது, அதற்குப் பயிற்சி பெற்ற, கேஜ் வைத்துப் பார்க்கிற ஆள்தான் வர வேண்டும். தம்பி தன் ஜேர்சிகளைக் காயப்போட வெளிப் பெட்டிக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றையும் அன்று அறுத்தேன். சீக்கிரம் காய்கிறது என்பது அவன் நியாயம். காற்றை மறித்தால் மெஷின் திணறும் என்பது என் நியாயம்.

மூத்தம்மாவிடம் திரும்பி வருகிறேன். அந்த இரவுக்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் கட்டில் ஓரத்தில் இருந்து, யன்னலைச் சாத்திவிட்டுப் பொய் சொன்னதைச் சொன்னேன். "தெரியும்" என்றார். பிறகு, "எப்ப சாத்துறாய், எப்ப திறக்கிறாய் என்டத மட்டும் எனக்கிட்டச் சொல்லு" என்றார். அதன்படி ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். லுஹருக்கு முன்னிருந்து அஸர் வரைக்கும், இஷாவுக்குப் பிறகு 11 மணி வரைக்கும் ஏ.சி., சாத்திய யன்னல். 11 மணிக்கு ஏ.சி.யை நிறுத்தி யன்னலைத் திறந்து மின்விசிறி. டொக்டரும் சரி என்றார். புண் முன்பு போல வேகமாகக் காயவில்லை, ஆனால் காய்கிறது.

போன கிழமை, வாளித் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றப் போகும் வழியில் மூத்தம்மாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அது எங்கத்தத் தண்ணி?"

"இந்த அறைக்குள்ள இருந்த காத்துல இருந்த தண்ணி மூத்தம்மா. அன்டைக்கு உங்கட மேல விழுந்தது இதுதான்."

"காத்துக்கு எங்கால தண்ணி?"

"பின்னேரத்தில கடக்காத்துத்தானே வாற."

கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்தார். "கிட்டக் கொண்டுவா" என்றார். இடது கையை நனைத்து, நான் தடுப்பதற்குள் விரலை நாக்கில் வைத்துவிட்டார். குசினியிலிருந்து வந்த உம்மா, "அந்த ஊத்தத் தண்ணிய ஏன் உம்மா!" என்று சத்தம் போட்டார்.

"உப்பக் காணல்லியே" என்றார் மூத்தம்மா.

ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் மேலே எழும், உப்பைக் கடல் வைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். வெளிப் பெட்டியில் படிவது அலை தெறித்த துமியோடு வரும் உப்பு, அதை நான்தான் கழுவுகிறேன் என்றும் சொன்னேன். அவர் கேட்டாரா தெரியவில்லை. நனைந்த விரலைப் போர்வையில் துடைத்துக்கொண்டு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். நேரம் பத்தேமுக்கால்தான். இருந்தாலும் ஏ.சி.யை நிறுத்தி யன்னலைத் திறந்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பதினைந்து நாளாகிறது, ஃபில்டர் கழுவ வேண்டும். சனிக்கிழமை எனக்கு இணைந்த கணிதம் பரீட்சை. இந்த முறை தம்பி ஏணியில் ஏறட்டும், நான் கீழே நின்று ஃபோனைப் பிடிக்கிறேன்.